கொடைக்கானலின் விமான நிலையம் அவனியாபுரத்தில் இருக்கிறது

விமான டிக்கெட் தேடும் செயலியில் ‘கொடைக்கானல்’ என்று தட்டினால் மதுரையைத்தான் காட்டும். மதுரையின் தெற்கு ஓரத்தில், அவனியாபுரத்துக்கும் பெருங்குடிக்கும் பக்கத்தில் கிடக்கிறது அந்த ஓடுபாதை. அங்கிருந்து கொடைக்கானல் ஏரிக்கரைக்குச் சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். உயரக் கணக்கில் ஆறாயிரத்து ஐந்நூறு அடி ஏற வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் ஓய்வுக்காகப் போன முதலமைச்சர் மு.க.ஸ்டாலினும் சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்து, அங்கிருந்து காரில்தான் மலையேறினார். முதலமைச்சருக்கே அதுதான் வழி என்றால் நமக்கு வேறு எது?

மலைமேல் ஒரு விமான நிலையமோ ஹெலிகாப்டர் தளமோ வேண்டும் என்ற பேச்சு சீசனுக்குச் சீசன் கிளம்பும். மழை வந்ததும் அடங்கிவிடும். அது வேண்டுமா, வேண்டாமா என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: ஏற்கெனவே கீழே இருக்கும் விமான நிலையம், மலைக்குப் போகிறவர்களைத் தன் பயணிகளாக நினைக்கிறதா? நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரயில் நிலையம் அப்படி நினைத்தது. கதையை அங்கிருந்து தொடங்கலாம்.

தோப்பு வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் டோலி

பழநி மலைத்தொடருக்கு முதலில் வந்த வெள்ளைக்காரர் என்று சொல்லப்படுபவர் லெப்டினன்ட் பி.எஸ்.வார்டு. 1821-இல் நில அளவைக்காக ஏறியவர். பளியர்களும் குன்னுவர்களும் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அங்கே இருந்தார்கள் என்பதை இந்த மாதிரிக் கதைகள் ஒரு வரியில் தாண்டிவிடும். வார்டு நடந்ததும் அவர்கள் போட்டு வைத்த தடத்தில்தான்.

அடுத்து வந்தவர்கள் அமெரிக்க மதுரை மிஷனின் பாதிரிமார்கள். மதுரைச் சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்கள் குடும்பங்களை வாட்டின. முதலில் பக்கத்திலிருக்கும் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன. மதுரை கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் 1863-இல் சதுப்பாகக் கிடந்த இடத்தில் அணைபோட்டு ஏரியை உண்டாக்கினார். இப்படி ஊர் உருவாகிவிட்டது. போய்ச் சேருவதற்கு மட்டும் வழி இல்லை.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. மலைக்குப் போகிறவர்கள் இறங்க வேண்டிய இடம் அம்மையநாயக்கனூர். இன்றைக்கு ‘கொடைக்கானல் ரோடு’ என்று மஞ்சள் பலகையில் எழுதியிருக்கிறதே, அதே நிலையம்தான். ஊர்க்காரர்களுக்கு வெறும் ‘கொடை ரோடு’. அங்கே இறங்கியவர் சாயங்காலம் மாட்டுவண்டியில் ஏறுவார். வைக்கோல் மெத்தையில் படுத்துக்கொண்டு, முப்பது மைலுக்கு மேல் இரவெல்லாம் குலுங்கிக்கொண்டே போனால் விடியற்காலையில் பெரியகுளத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. அதற்கு மேல் வண்டி போகாது. குதிரை, இல்லையென்றால் டோலி நாற்காலி, இல்லையென்றால் சொந்தக் கால். சுமார் 18 கிலோமீட்டர் செங்குத்துப் பாதை. வெள்ளகவி வழியாக ஏறி, செண்பகனூரைத் தொட்டு, மத்தியானத்துக்குள் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். இந்தப் பாதைக்கே ‘கூலி காட்’ (காட் என்றால் மலைப்பாதை) என்று பெயர் வந்துவிட்டது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று மலையேறினால் நாற்காலி தூக்க, பெட்டி தூக்க, பியானோவைக்கூடத் தூக்க ஆள்படை கூடவே ஏறியது.

இதைக் கொண்டாடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒருவன் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் ஏழாயிரம் அடிக்கு அவனைச் சுமந்து ஏறிய கொடுமை அது. ஆனால் ஏற்பாடு என்ற வகையில் அதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. ரயில் எப்போது வரும் என்று வண்டிக்காரனுக்குத் தெரியும். வண்டி எப்போது வரும் என்று தோப்பில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். இறங்கிய இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரைக்கும் சங்கிலி அறுபடவில்லை. பிற்காலத்தில் ரயில்வே, கொடைக்கானலிலேயே ‘அவுட் ஏஜென்சி’ என்று ஒன்று வைத்தது. தண்டவாளமே ஏறாத ஊரில் ரயில் டிக்கெட்டும் சாமான் பதிவும். மலைமேல் உட்கார்ந்திருப்பவரும் நம் பயணிதான் என்று அந்தக் கால ரயில்வேக்குத் தோன்றியிருக்கிறது.

ஊட்டிக்குக் கிடைத்தது கொடைக்கானலுக்குக் கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், ஊட்டிக்கு 1908-இலும் பல்சக்கர ரயில் போய்விட்டது. கொடைக்கானலுக்கு வந்தது சாலைதான். மேஜர் லா என்பவரின் பெயரில் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஏறும் காட் ரோடு, முதல் உலகப்போர்க் காலத்தில் மோட்டார் ஓடும் சாலையானது. இன்றும் ‘லாஸ் காட் ரோடு’ என்றே பெயர். மோட்டார் கார் மேலே வந்ததும் தோப்பு காலியாகிவிட்டது. டோலி தூக்கியவர்களுக்கும் வேலை போனது.

டோலி மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. வெள்ளகவியில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் சாமான் ஏற்றியது குதிரைதான். கொடைக்கானல் தாலுகாவிலேயே இருக்கும் சின்னூர், பெரியூர் மாதிரி ஊர்களில் நோயாளியையும் பிரசவ வலி எடுத்தவரையும் கம்பில் போர்வை கட்டித் தூக்கிக்கொண்டு, ஆற்றைக் கடந்து, பெரியகுளம் பக்கம் இறங்கும் செய்தி மழைக்காலத்தில் நாளிதழில் வரும். மலைக்குப் பயணி வசதி என்று பேசும்போது இவர்களையும் பயணிகளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

1942: கீழே ஓடுபாதை, மேலே தப்பியோடும் பாதை

மதுரை விமான நிலையத்தின் பிறந்த வருஷம் 1942. கட்டியது பிரிட்டிஷ் விமானப்படை. பயணிகள் யாரும் அதன் நினைவிலேயே இல்லை. அந்த வருஷம் ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. சென்னையில் அரசு அலுவலகங்களே ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிய மாதம் அது. வங்காள விரிகுடாவில் எதிரி எங்கே கரையேறுவான் என்று தெரியாத நிலையில் தமிழ்நாடு முழுக்க ஓடுபாதைகள் முளைத்தன: சோழவரம், சூலூர், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, ராமநாதபுரம் உச்சிப்புளி, மதுரை.

அவற்றின் தலையெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். சூலூர் விமானப்படைக்குப் போனது. உச்சிப்புளி கடற்படையிடம் ‘ஐ.என்.எஸ். பருந்து’ ஆனது. சோழவரத்தில் பந்தயக் கார்கள் ஓடின. செட்டிநாட்டிலும் உளுந்தூர்பேட்டையிலும் கான்கிரீட் வெயிலில் காய்ந்தது. மதுரைக்கு மட்டும் ஒரு பெரிய ஊர் பக்கத்தில் இருந்தது. 1950-களில் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது.

அதே போர்க்காலத்தில் மலைமேலும் ஒரு வேலை நடந்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி, வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போகும் தடத்தை அகலப்படுத்தினார்கள். ஜப்பான்காரன் கிழக்குக் கரையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் மலைமேலேயே கேரளப் பக்கம் போய், கொச்சியில் கப்பலேறலாம் என்பது யோசனை. ‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. எட்டாயிரம் அடிக்கு மேல் உயரும் அந்தச் சாலை, இமயத்துக்குத் தெற்கே இருந்த மிக உயரமான மோட்டார் பாதைகளில் ஒன்று. யாரும் அதில் தப்பியோட வேண்டிய அவசியம் வரவில்லை. 1990-இல் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது சோலைக்காடு அதை மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கிறது. பேரிஜம் வரைக்கும் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

மதுரை ஓடுபாதைக்கும் மூணாறு சாலைக்கும் ஒரே பயம்தான் அப்பன். ஒன்று பிழைத்து வளர்ந்தது, மற்றது காடாகிறது. மலைக்கு நல்லது எது என்று கேட்டால், காடானதைச் சொல்வேன். அந்தச் சாலையைத் திறந்தால் மூணாறு பக்கம் என்று குரல் கொடுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கு இது பிடிக்காது.

மேகத்துக்குள் ஒரு ஓடுபாதையா?

மலைமேல் விமானம் ஏன் இறங்கக் கூடாது என்பதைக் காற்றிலிருந்தே தொடங்கலாம். ஏழாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இறக்கையைத் தூக்கவும் காற்று குறைவு, இன்ஜின் குடிக்கவும் காற்று குறைவு. ஆக, அதே விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும், இல்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும். இந்தியாவின் உடான் திட்டம் 2017 ஏப்ரலில் கொடியசைத்துத் தொடங்கிய முதல் சேவை சிம்லாவுக்கு. மலையைச் சீவிப் போட்ட அந்தக் குட்டி ஓடுபாதையிலிருந்து கிளம்பும்போது இருக்கைகளில் பலவற்றைக் காலியாக வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற முடிந்தது. சிக்கிமில் பாக்யோங் விமான நிலையத்தை 2018-இல் கோலாகலமாகத் திறந்தார்கள். உயரம் நாலாயிரத்து ஐந்நூறு அடி. மேகம் இறங்கிவிட்டால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. அடிக்கடி விமானம் ரத்தாகி, சேவையே நின்றுபோன காலங்கள் உண்டு.

கொடைக்கானலின் மேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூண்பாறைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். 400 அடிப் பாறையே ஒளிந்துகொள்ளும் இடத்தில் விமானி எதைப் பார்த்து இறக்குவார்? இந்த ஊரில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது இங்கேதான். தெளிந்த காலைப்பொழுதுகள் கிடைக்கும் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். ஆனால் காலைப்பொழுதை மட்டும் நம்பி விமான அட்டவணை போட முடியாது. வடகிழக்குப் பருவத்தில் காலையும் கிடைக்காது.

சமமான நிலம் வேறு வேண்டும். பழநி மலையின் மேல்தளத்தில் ஓரளவு சமமாக இருக்கிற இடமெல்லாம் புல்வெளி, நீர்ப்பிடிப்பு, பூண்டும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல். மேசை மாதிரி மலையுச்சியைச் சீவிப் போட்ட ஓடுபாதைகள் எப்படி என்று 2010 மே மாதம் மங்களூரில் 158 பேரும், 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்தபோது பார்த்தோம்.

தென்னிந்திய மலைகளுக்கும் விமானங்களுக்கும் இடையிலான பழைய பகையும் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று மதுரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டார்கள். பழநி மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டினால் அந்த மலை.

அதற்கு இருபத்தோரு வருஷம் முன்னால் நடந்தது இன்னும் விசித்திரம். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியா விமானம் ஒன்று நீலகிரியில் கோத்தகிரி அருகே மோதி நொறுங்கியது. இறந்தவர்களில் ஆப்ரஹாம் வால்ட் என்ற புள்ளியியல் பேராசிரியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இந்தியாவில் சொற்பொழிவுகள் ஆற்ற வந்தவர். உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் இவர் செய்த ஒரு கணக்கு இன்றைக்கும் கல்லூரிகளில் கதையாகச் சொல்லப்படுகிறது. போருக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் எங்கெல்லாம் குண்டு துளைத்திருக்கிறதோ அங்கே கவசம் போடலாம் என்று நினைக்கத் தோன்றும். துளை இல்லாத இடத்தில் போடுங்கள் என்றது வால்டின் கணக்கு. அங்கே அடிபட்டவை திரும்பியே வரவில்லை. விமானம் எங்கே அடிபட்டால் பிழைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த மனிதரை நம் மேற்குத் தொடர்ச்சி மலை கொண்டுபோய்விட்டது.

இன்றைய கருவிகள் அன்று இல்லை என்பது உண்மை. அதற்காக மலை நகர்ந்துவிடவில்லை.

மதுரை வளர்ந்த கதை

1953-இல் விமான சேவையை அரசுடைமையாக்கிய பிறகு நாற்பது வருஷம் மதுரைக்கு வந்ததெல்லாம் இந்தியன் ஏர்லைன்ஸ்தான். அரசுடைமைச் சட்டம் 1994-இல் போனதும் தனியார் நிறுவனங்கள் வந்தன. பழைய முனையம் ஒரு தாலுகா அலுவலகம் அளவுக்குத்தான் இருந்தது. வரவேற்க வந்தவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள். 2010 செப்டம்பரில் 17,560 சதுர மீட்டரில் புது முனையம் திறந்தது. 2012 செப்டம்பர் 20 அன்று கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் கிளம்பியது. அப்புறம் துபாய், சிங்கப்பூர்.

உள்ளே வசதிக்குக் குறைவில்லை. மழையில் நனையாமல் விமானத்துக்குள் போக ஏரோபிரிட்ஜ், முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி, வெளியே வந்தால் ப்ரீபெய்டு டாக்ஸி. திருச்சியில் 2024 ஜனவரி 2 அன்று திறந்த, 75,000 சதுர மீட்டர் முனையத்தோடு ஒப்பிட்டால் மதுரை சின்னது. சின்னதாக இருப்பதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது: இறங்கிப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம்.

மதுரையின் நீண்டகாலக் குறை ஓடுபாதை. 7,500 அடி நீளம். பெரிய விமானங்கள் இறங்க இதை 12,500 அடியாக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். குறுக்கே வட்டச்சாலை போகிறது. அதைச் சுரங்கமாக்குவதா, சுற்றிவிடுவதா, செலவு மாநிலத்துடையதா, மத்திய அரசுடையதா என்று கோப்பு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நிலம் கொடுக்க வேண்டிய ஊர்களில் ஒன்று சின்ன உடைப்பு. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் மறுகுடியமர்வு கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விரிவாக்கத்தைப் பற்றி எழுதுகிற பலர் அடிக்கணக்கை எழுதுகிறார்கள், இவர்கள் எங்கே போவார்கள் என்பதை எழுதுவதில்லை. இன்னொரு சிக்கல் டெல்லியில். இந்தியா வெளிநாடுகளோடு போட்டுக்கொள்ளும் இருதரப்பு விமான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயரைச் சேர்க்காததால் வளைகுடா, சிங்கப்பூர் நிறுவனங்கள் நேராக இங்கே வர முடிவதில்லை. மதுரை வர்த்தகர்கள் மனு எழுதி எழுதிச் சலித்த விஷயம் இது. விமான நிலையத்துக்கு யார் பெயரை வைப்பது என்ற சண்டைக்கு இருக்கும் சூடு இதற்கு இருந்தால் தேவலை.

இறங்கிய பிறகு

சரி, சென்னையிலிருந்து வரும் குடும்பம் ஒன்று மதுரையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாயிற்று. கொடைக்கானல் போக வேண்டும். டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், கையில் காசிருந்தால் பிரச்சினை முடிந்தது. காசை எண்ணிச் செலவு செய்கிறவர் முதலில் ஊருக்குள் போக வேண்டும். கொடைக்கானல் பேருந்துகள் கிளம்புவது மதுரையின் மேற்கு ஓரத்தில், ஆரப்பாளையத்தில். விமான நிலையம் தெற்கு ஓரம். நடுவில் மொத்த மதுரையும் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்த நேரத்தைவிட, முனையத்திலிருந்து கொடைக்கானல் பேருந்தில் இருக்கை பிடிக்கும் நேரம் அதிகமாகிவிடும் நாள்கள் உண்டு.

அதற்கப்புறம் வழி நன்றாகவே இருக்கும். நால்வழிச்சாலையில் வாடிப்பட்டி, கொடை ரோடு. பன்னீர் திராட்சைப் பந்தல்கள் இரண்டு பக்கமும். நிலக்கோட்டையில் பூச்சந்தை. வத்தலக்குண்டில் காபி குடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். காமக்காபட்டி சோதனைச்சாவடி தாண்டினதும் காட் ரோடு. முதல் கொண்டை ஊசி வளைவில் டிரைவர், “சார், ஏ.சி.யை நிறுத்திடலாமா?” என்பார். அவர் கேட்பது மரியாதைக்காக, வண்டி இழுக்காது. கண்ணாடியை இறக்கினால் டம் டம் பாறையில் காற்று மாறியிருக்கும். பண்ணைக்காடு பிரிவில் மலைவாழைத் தார்கள் தொங்கும். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாட்சி வாழை இந்தப் பக்கத்து விளைச்சல்தான். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி. மூஞ்சிக்கல்லுக்கு வந்தால் போக்குவரத்து நெரிசல் உங்களை வரவேற்கும்.

பழநி பக்தருக்கு இந்தச் சுற்றே வேண்டாம். கோவை விமான நிலையத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழநி கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் திருச்சியில் இறங்கியும் வருகிறார்கள். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் 1966 முதல் ஓடும் வின்ச் இருக்கிறது, 2004-இல் வந்த ரோப் கார் இருக்கிறது, படி இருக்கிறது, யானைப்பாதை இருக்கிறது. நடக்க முடியாத பாட்டியை எப்படி மேலே கொண்டுபோவது என்று அந்தச் சின்ன மலையில் யோசித்து வைத்த அளவுக்கு, பின்னால் நிற்கும் பெரிய மலைக்கு யாரும் யோசிக்கவில்லை. தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து காவடியோடு நடந்தே வரும் நகரத்தார் இந்த விவாதத்தில் எதிலும் சேர மாட்டார்கள் என்பது வேறு.

மலைக்கும் ஒரு கொள்ளளவு

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணிக்கையும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. இந்த மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட ஐ.ஐ.டி. மெட்ராஸையும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மையும் நீதிமன்றம் கேட்டது. விடுதிக்காரர்கள் கொதித்தார்கள். சாலையில் மூன்று மணி நேரம் நின்ற உள்ளூர்க்காரர்கள், பள்ளிக்கூட வேனுக்காகக் காத்திருந்த தாய்மார்கள், ஆம்புலன்ஸுக்கு வழிவிட முடியாமல் தவித்தவர்கள் கொதிக்கவில்லை.

இந்த உத்தரவில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அரசுப் பேருந்தில் வருகிறவருக்கு இ-பாஸ் வேண்டாம். பேருந்தில் ஐம்பது பேர் ஏறினால் பன்னிரண்டு கார் மலைக்கு வராமல் நிற்கும். நீதிமன்றமே வழிகாட்டிவிட்ட பிறகும், விமான நிலைய வாசலிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்ப் பேருந்து என்ற எளிய விஷயம் யார் மேஜையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. விமான நிலையம் மத்திய அரசின் ஆணையத்துக்கு, பேருந்து மாநிலப் போக்குவரத்துக் கழகத்துக்கு, இ-பாஸ் மாவட்ட நிர்வாகத்துக்கு, மலைமேல் வண்டி நிறுத்தம் நகராட்சிக்கு. மாட்டுவண்டிக்காரனும் டோலிக்காரரும் ஒருவர் நேரத்தை ஒருவர் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, இங்கே அது இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. காலையும் நண்பகலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் விமானங்கள் இறங்கும் நேரத்தைப் பார்த்து இரண்டு சின்னப் பேருந்துகள். காட் வளைவுகளுக்கு நீளப் பேருந்து சரிப்படாது. அவை வட்டச்சாலை வழியாக நகருக்குள் நுழையாமல் போய், கொடை ரோடு ரயில் நிலையத்திலும் நின்று ஏற்றிக்கொள்ளலாம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலையில் இறங்கி நடைமேடையில் கொட்டாவி விடுகிறவருக்கும் அது உதவும். டாக்ஸியில்தான் போவேன் என்கிறவர்களுக்கு, வருகைக் கூடத்திலேயே இ-பாஸ் பதிந்து கொடுக்க ஒரு மேஜை. இணையம் தெரியாதவர் காமக்காபட்டியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதும், பின்னால் வரிசை நீள்வதும் குறையும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்கு ஆகாது, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்பதையும் அந்த மேஜையிலேயே சொல்லிவிடலாம். விமானத்திலிருந்து பாட்டிலோடு இறங்குகிறவருக்கு அது மேலே போய்த்தான் தெரிகிறது.

ஒன்றை மட்டும் பேருந்தாலும் மேஜையாலும் சரிசெய்ய முடியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் மதுரையில் இறங்குகிற விமானத்தில் வந்துவிட்டு அன்றைக்கே மலையேற நினைப்பது. ஏழரைக்குக் காமக்காபட்டி, அதற்கப்புறம் இருட்டு, பனிமூட்டம், எதிரே காய்கறி லாரி. நவம்பரில் என்றால் மண்சரிவும். 2018-இல் கஜா புயல் கொடைக்கானல் வழியாகப் போனபோது சாலையில் மரங்கள் குறுக்கே விழுந்து ஊரே துண்டிக்கப்பட்டது நினைவிருக்கும். பழகிய டிரைவர்கள் இரவு ஏற மாட்டார்கள், அல்லது ஏறிவிட்டு இரட்டிப்பாகக் கேட்பார்கள். சாயங்கால விமானம்தான் கிடைத்தது என்றால் அன்றிரவு மதுரையிலோ வத்தலக்குண்டிலோ தங்கிவிடுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் மேலே போய்விடலாம். மூஞ்சிக்கல்லில் நெரிசலும் தொடங்கியிருக்காது.